பெங்களூரில் சிறு ரயில் தேடுவோர்க்கு

ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நம்மவர்க்கு ரயில் என்பது வெறும் ஊர்தி அன்று. கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. விடுமுறை முடிந்ததும் கண் கலங்கத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுவே. ஆகவே, இத்தகைய வீட்டுக் குழந்தைகள் கடைவாசலில் பொம்மை ரயிலைக் கண்டு நகர மறுப்பதில் வியப்பொன்றும் இல்லை. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். சிற்றளவு ரயில்களைச் சேர்ப்பதையும் ஓட்டிப் பார்ப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளிலும் இருக்கின்றனர். புதிய ஊருக்குச் சென்றால், கோட்டை எங்கே, கோயில் எங்கே என்று கேட்பதற்கு முன் ரயில் பொம்மைக் கடை எங்கே என்று விசாரிப்பவர்கள் அவர்கள். பெங்களூருக்கு வரும் அத்தகைய பயணிக்கு என்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு. பொம்மைக்கு உருவம் ரயில்போல் இருந்தால் போதும். மாதிரிக்கோ ஒவ்வோர் உறுப்பும் மெய்யான ரயிலின் உறுப்புக்கு ஒரே விகிதத்தில் சிறுத்திருக்க வேண்டும். இவ்விகிதத்தை ஸ்கேல் என்பர். தண்டவாளங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கேஜ் என்பர். மொழிபெயர்ப்பில் காலங்கழிக்கும் நாம் இவ்விரண்டையும் ‘அளவு’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்திருப்பதை அடிக்கடி காண்கிறோம். கடையில் பணம் கொடுத்து வாங்குவோர்க்கு இக்குழப்பம் நட்டத்தையே தரும். முன்னதை ‘விகிதம்’ என்றும், பின்னதைப் ‘பாதை அகலம்’ என்றும் கொள்வோம்.

பாதை அகலங்களை வரிசைப்படுத்தி எண்ணிட்டு விற்கும் முறையை 1891-இல் லைப்சிக் சந்தையில் தொடங்கிவைத்தது மெர்க்லின் என்னும் ஜெர்மானிய நிறுவனம். முதலில் ஓர் எஞ்சினும் சிறிது பாதையும் வாங்கியவர், பின்னர் ஆண்டுதோறும் பெட்டி, பாலம், நிலையம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது அவர்களுடைய கருத்து. வாணிபத் தந்திரம் என்றாலும் நல்ல தந்திரம். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி முடுக்கும் ரயில்களை விற்கத் தொடங்கினார். இன்று மிகுதியாக வழங்குவது எச்.ஓ. எனப்படும் 87-இல் ஒரு பங்கு விகிதம். இதன் பாதை அகலம் 16.5 மில்லிமீட்டர். ஆங்கிலேயரின் எஞ்சின்கள் உருவில் சிறியவையாதலால், அவ்விகிதத்தில் செய்த கூட்டுக்குள் அக்காலத்து மின்மோட்டார் அடங்கவில்லை. எனவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியை மட்டும் 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கினர். அதற்கு ஓ.ஓ. என்று பெயர். இன்னும் சிறிதாக வேண்டுவோர்க்கு 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் என் வகை உண்டு.

இங்கேதான் இந்தியர்க்கு ஒரு சிக்கல் எழுகிறது. 16.5 மில்லிமீட்டரை 87 மடங்கு பெருக்கினால் சுமார் 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவின் பாதை அகலம். நம் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே, கடையில் கிடைக்கும் பாதையில் நம் நாட்டு எஞ்சினின் மாதிரியை ஏற்றினால், பருத்த உடம்பும் நெருங்கிய கால்களுமாக நிற்கும். நுணுக்கம் பார்ப்போர் தாமே பாதை செய்துகொள்ள வேண்டியதுதான். மீட்டர் பாதைக்கு இத்தொல்லை குறைவு. ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுக்க 11.5 வரும், சுவிட்சர்லாந்து மலைரயில்களுக்காக விற்கப்படும் 12 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நம் நீலகிரி ரயிலை வீட்டில் அமைக்க விரும்புவோர் இவ்வகையில் பேறு பெற்றவர்கள்.

பெங்களூர் வட்டாரமே இப்பாதை அகலங்களின் கதைக்கு ஒரு சான்று. சென்னைப் பக்கத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாக அகலப் பாதை இங்கே கண்டோன்மெண்டை அடைந்தது 1864-இல். மைசூருக்குச் செல்லும் பாதை 1882-இல் முற்றுப்பெற்றபோது அது மீட்டர் பாதையாக அமைந்தது. சிக்கபல்லாபூர், கோலார் பக்கம் ஓடியதோ 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. இன்று அனைத்தும் அகலப் பாதையாகிவிட்டன.

இனிக் கடைக்குச் செல்வோம். டோக்கியோவின் அகிஹபாராவைப்போல ரயில் மாதிரிக் கடைகள் அடுத்தடுத்து நிற்கும் தெரு பெங்களூரில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். பொழுதுபோக்குப் பொருள் விற்கும் கடைகளில் வானொலி அலையால் இயங்கும் விமானமும் காருமே முன்னிடம் பெற்றுள்ளன. பேரங்காடிகளின் பொம்மைக் கடைகளில் மின்கலத்தால் ஓடும் பிளாஸ்டிக் ரயில்கள் கிடைக்கும். குழந்தை விளையாட அவை போதும். ஆனால் ஒரு தொகுதியின் பாதை மற்றொன்றுடன் பெரும்பாலும் சேராது. வெளிநாட்டு மாதிரி எங்கேனும் கண்ணிற்பட்டால் விகிதம் என்ன, பாதை அகலம் என்ன, மின்சாரம் எவ்வகை என்று கேட்டுவிட்டே விலையைக் கேட்க வேண்டும். இரு தண்டவாளங்களிலிருந்து 12 வோல்ட் நேர்மின்சாரம் பெற்று ஓடுவது பொதுவழக்கு. மெர்க்லின் எச்.ஓ. வண்டிகளோ பாதையின் நடுவே உள்ள முனைகளிலிருந்து மின்சாரம் பெறுபவை. ஒன்றின் பாதையில் மற்றொன்று ஓடாது. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ உள்ள உறவினர் அனுப்பிய தொகுதியானால் அதன் மின்மாற்றியைப் பாருங்கள். 120 அல்லது 100 வோல்ட்டுக்கென்றே செய்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால், வண்டி ஓடுவதற்கு முன் புகை வந்துவிடும். நீராவி எஞ்சின் என்று மகிழ வேண்டாம்.

ஆனால் பெங்களூர்ப் பயணி நாடிச் செல்லத்தக்க ரயில் பொம்மை வேறொன்று உண்டு. மைசூர்ப் பாதையில் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் சென்னபட்டணம் வரும். கன்னடத்தில் ‘கொம்பெகள ஊரு’, அதாவது பொம்மைகளின் ஊர் என்று அழைக்கப்படுவது அது. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை வளர்த்தார் என்றும், பிற்காலத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய நுட்பங்களைக் கற்பித்தார் என்றும் ஊரார் கூறுவர். 2005-இல் இப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செய்யும் முறை காணத்தக்கது. கன்னடர் ‘ஆலே’ என்று கூறும் மரம் நாம் அறிந்த வெட்பாலையே. தோல்நோய்க்கு எண்ணெய் காய்ச்ச அதன் இலையை நம் வீடுகளில் பயன்படுத்துவதுண்டு. வெண்மையும் மென்மையும் நுண்ணிய இழையும் உடைய அம்மரத்தை உலர்த்தி, கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழற்றி உளியால் கடைகின்றனர். வடிவம் அமைந்தபின் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தின்மீது படியும். பின்னர்த் தாழை ஓலையை அதன்மேல் வைத்து அழுத்த, கண்ணாடிபோன்ற பளபளப்பு தோன்றும். தூரிகையும் இல்லை, வண்ணம் காயும்வரை காத்திருத்தலும் இல்லை. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இம்முறையே வழங்குகிறது. நம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளும் இதே குலத்தைச் சேர்ந்தவை.

கடைசலில் பிறப்பன எல்லாம் உருண்டையானவை. நீராவி எஞ்சினைப் பாருங்கள்: கொதிகலன் ஓர் உருளை; புகைபோக்கி ஓர் உருளை; சக்கரம் வட்டம். இக்கருவிக்கென்றே படைத்தாற்போன்ற வடிவம்! நீராவி வண்டிகள் நம் பெரும்பாதைகளை விட்டு மறைந்து ஆண்டுகள் பலவாகியும், சென்னபட்டணத்து மர ரயில் புகைபோக்கியைத் துறக்காததற்குப் பழமைப்பற்று மட்டும் காரணமன்று. கருவியும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. பெட்டி வடிவான மின்சார எஞ்சினைச் செய்யக் கடைசல் போதாது. வாளும் இழைப்புளியும் வேண்டும்.

இத்தொழிலுக்கு அண்மையில் நேர்ந்த இடரையும் கூற வேண்டும். மைசூர் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் இருந்த பொம்மைக் கடைகள், கார்களில் செல்வோர் காபிக்கு நிறுத்தும்போது வாங்கிச் செல்வதையே பெரிதும் நம்பியிருந்தன. 2023 மார்ச்சில் புதிய விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அது ஊருக்குள் புகாமல் விலகிச் செல்வதால் கார்கள் நிற்பதில்லை. கடைக்காரர்களின் விற்பனை குறைந்தது. சாலை விலகினாலும் இருப்புப்பாதை ஊரை விட்டு விலகவில்லை. மைசூர் செல்லும் ரயில்களுள் சென்னபட்டணத்தில் நிற்பவற்றைக் கேட்டறிந்து ஏறினால், ரயிலில் சென்றே ரயில் வாங்கலாம். அவ்வளவு நேரம் இல்லாதோர் பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் உள்ள ‘காவேரி’ என்னும் கர்நாடக அரசின் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் பார்க்கலாம்.

வாங்கும்போது கருத்தாய் இருத்தல் வேண்டும். ஆலைகளில் செய்து சாயம் பூசிய போலிகளும் உடன் கிடக்கின்றன. அரக்குப் பூச்சு மரத்தோடு ஒன்றியிருக்கும். விளிம்புகளில் வழிந்த தடமோ தூரிகைக் கோடோ இராது. சாய எண்ணெயின் நெடியும் வீசாது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. ஆயினும் புவிசார் குறியீட்டின்கீழ்ப் பதிவு பெற்றோரும், மத்திய அரசின் கைவினை ஆணையரகத்தில் பதிந்த கைவினைஞரும் செய்து விற்பவற்றிற்கு விலக்கு உண்டு. எனவே முத்திரை இல்லை என்ற ஒன்றைக்கொண்டே கைவினைஞர் பொம்மையைத் தள்ளிவிடலாகாது; புவிசார் குறியீட்டுச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கைக்குழந்தைக்கு வாங்குவதானால் சக்கரத்தையும் அச்சையும் இழுத்துப் பாருங்கள். கழன்றுவரும் சிறு துண்டு எத்துணை அழகியதாயினும் வேண்டாம். பேரம் பேசுவதும் அளவோடு இருக்கட்டும்; கடைந்தவரே விற்கும் கடையில் பத்து ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடுவது நமக்கு உவப்பில்லை.

நவராத்திரிக் கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையேனும் வாங்கும் வழக்கத்தைப் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் விடாது காக்கும் குடும்பங்கள் உண்டு. படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்கவைத்துப் பூங்கா அமைக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது. அப்பூங்காவைச் சுற்றி ஓட இம்மர ரயில் ஏற்றது. செட்டியாரும் செட்டிச்சியும் ரயிலைவிட நான்கு மடங்கு உயர்ந்து நிற்பார்கள். விகிதத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் கொலுவுக்குப் பொருந்தாது.

மேலும் ஒரு நாள் கிடைக்குமாயின் அதே பாதையில் மைசூர்வரை சென்று, 1979-இல் தொடங்கப்பெற்ற ரயில் அருங்காட்சியகத்தில் மகாராணியின் பெட்டியையும் பழைய எஞ்சின்களையும் காணலாம். மராட்டியத்தில் வாழும் அன்பர்கள் அவ்வளவு தூரம் வரவேண்டுவதில்லை. புனேயின் கோத்ரூடில் ஜோஷி சிற்றளவு ரயில் காட்சியகம் 1998 முதல் உள்ளது, எச்.ஓ. ரயில்கள் ஒரு சிறு நகரையே சுற்றி ஓடுவதைப் பிள்ளைகளுக்கு அங்கே காட்டலாம்.

வாங்கிய மர ரயிலைப் பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்க. வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் அரக்கு இளகும். அழுக்கானால் உலர்ந்த துணியால் துடைப்பதே போதும்; நீரில் ஊறவைத்தால் மரம் உப்பிச் சக்கரம் இறுகிவிடும்.