முன்கூட்டிய கல்லூரி உயர்நிலைப் பள்ளிகள்

முன்கூட்டிய கல்லூரி உயர்நிலைப் பள்ளி என்பது, ஐக்கிய அமெரிக்காவில் மாணவர்கள் பள்ளிப் படிப்போடு சேர்த்துக் கல்லூரிப் பாடங்களையும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்யும் அரசுப் பள்ளி வகையாகும். பள்ளியை விட்டு வெளியேறும்போது மாணவர் கையில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்கு இணையான கிரெடிட்டுகளோ, ஓர் அசோசியேட் பட்டமோ இருக்க வேண்டும் என்பது இதன் இலக்கு. குறைந்த வருவாய்க் குடும்பங்களின் பிள்ளைகள், கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர்கள் (தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' எனப்படுவோர்) ஆகியோரை மனத்தில் வைத்தே இவை பரவலாகத் தொடங்கப்பட்டன.

பள்ளி மாணவர் கல்லூரிப் பாடம் படிப்பது அந்நாட்டில் புதிதன்று. ஆனால் நெடுங்காலம் அது ஏற்கெனவே நன்றாகப் படிப்பவருக்குக் கிடைக்கும் சலுகையாகவே இருந்தது. பின்தங்கிய மாணவருக்கோ எளிதாக்கப்பட்ட பாடமே தரப்பட்டது. இப்பள்ளிகள் இதைத் தலைகீழாக்கின. கடினமான பாடத்தையும், அதைச் சமாளிக்கத் தேவையான துணையையும் சேர்த்தே கொடுத்தன.

தோற்றம்

பதினாறு, பதினேழு வயதினரைக் கல்லூரி மாணவராகவே சேர்த்துக்கொண்ட சைமன்ஸ் ராக் கல்லூரி 1966இல் மாசச்சூசெட்ஸில் திறக்கப்பட்டது. அது தனியார் நிறுவனம். இடைநிற்கும் நிலையில் இருந்த மாணவர்களுக்காக நியூயார்க்கின் லகார்டியா சமுதாயக் கல்லூரி 1974இல் தன் வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய பள்ளிகளுக்கு நெருங்கிய முன்னோடி இதுவே எனலாம். 2001இல் பார்டு கல்லூரி நியூயார்க் நகரக் கல்வித் துறையுடன் சேர்ந்து ஒரு பள்ளியைத் திறந்தது. 2002இல் கேட்ஸ் அறக்கட்டளை முதலியவற்றின் நிதியுதவியுடன் நாடு தழுவிய திட்டம் உருவானது. வட கரோலினாவும் டெக்சாஸும் இதை மாநிலக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டன.

செயல்படும் முறை

பல பள்ளிகள் சமுதாயக் கல்லூரி வளாகத்திலேயே இயங்குகின்றன. கல்லூரி என்பது தனக்கு அந்நியமான இடம் என்று நினைத்து வளர்ந்த மாணவர், நாள்தோறும் அதே நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதன் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. முதலில் ஓரிரு பாடங்கள், பின்னர் படிப்படியாக முழு நேரம் என்று கல்லூரிப் படிப்பு கூட்டப்படுகிறது.

டெக்சாஸின் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஃபார்–சான் வான்–அலமோ பள்ளி மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பள்ளியை முடிக்காமல் நின்றுவிட்ட இளைஞர்களுக்காக 2007இல் ஒரு தனிப் பள்ளியைத் திறந்தது. விடுபட்ட பள்ளிப் பாடங்களை முடிக்கும்போதே அவர்கள் சவுத் டெக்சாஸ் கல்லூரியின் பாடங்களையும் தொடங்கலாம்.

பலன்

திறமையான மாணவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு வெற்றி என்று சொல்கிறார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இதைச் சோதிக்க, குலுக்கல் முறையில் மாணவரைச் சேர்த்த பள்ளிகளை அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் என்ற அமைப்பு ஆராய்ந்தது. 2013இல் வெளியான அதன் முடிவின்படி, குலுக்கலில் இடம் பெற்றவர்களில் 86 விழுக்காட்டினர் பள்ளியை முடித்தனர். இடம் கிடைக்காதவர்களில் 81 விழுக்காட்டினர். கல்லூரியில் சேர்ந்தவர்கள் முறையே 80, 71 விழுக்காடு. ஆய்வுக் காலத்துக்குள் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் 22 விழுக்காடும் 2 விழுக்காடும் ஆவர்.

விரிவாக்கத்தில் உள்ள சிக்கல்கள்

நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்தால், யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே வெளியே நிற்க நேரும். கல்லூரிப் பாடம் நடத்தப் பல இடங்களில் ஆசிரியருக்கு முதுநிலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 முதுநிலை கிரெடிட்டுகளும் தேவை. ஏழை நாட்டுப்புற மாவட்டங்களில் அத்தகைய ஆசிரியர் கிடைப்பது அரிது. பெற்ற கிரெடிட்டுகளும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. பொறியியல் படிக்க விரும்பும் மாணவர் சேர்த்து வைத்த 60 கிரெடிட்டுகளில் ஒரு பகுதி, நான்காண்டுப் பட்டத்துக்குரிய பாடங்களில் சேராமல் போகலாம். இதைவிடக் கவலை தருவது மதிப்பெண். பதினைந்து வயதில் தவறவிட்ட பாடமும் கல்லூரிச் சான்றில் நிலையாகப் பதிவாகிறது. பின்னாளில் கூட்டரசின் கல்வி உதவித்தொகைக்கான தகுதியையும் அது பாதிக்கக்கூடும். எனவே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன் மாணவருடனும் பெற்றோருடனும் உட்கார்ந்து பேசும் ஆலோசகர் இப்பள்ளிகளில் ஆசிரியருக்கு இணையான இடம் பெறுகிறார்.