நம்பத்தக்க கைவினைஞரை நாடுதல்

வீடு கட்டி முடிந்தவுடன் கவலையும் முடிந்தது என்று எண்ணுவோர் வீட்டில் வாழ்ந்து பாராதவரே. மேற்றளம் ஒழுகும், குழாய் கசியும், கிணற்று மோட்டார் நள்ளிரவில் நின்றுவிடும், மழைக்காலத்திற் கதவு ஊதி நிலையினுள் அடங்காது. அவ்வேளையிற் கையிலுள்ள பணம் மட்டும் பயன்படாது. கற்ற கல்வியோ சிறிதும் உதவாது. வேலை அறிந்தவரும் வீட்டினுள் விடத்தக்கவரும் ஆகிய ஒருவர் வேண்டும். அவரை எங்ஙனம் கண்டறிவது? இக்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிக் கைப்பேசியில் வாட்ஸப் குழுக்கள் அமைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகின்றனர். அம்முயற்சி எவ்வளவிற்கு உதவும், எவ்விடத்துத் தவறும் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

முற்காலத்துச் சிற்றூர்களில் இவ்வினா எழவேயில்லை. களத்தில் நெல் அளக்குங்காற் பொதுக்குவியலினின்றும் தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்கு அளந்துவிடப்பட்ட பங்கிற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் நடத்திய அளவைக் கணக்குகளில் இத்தகைய பங்குகள் குறிக்கப்பட்டுள. கலப்பை முரிந்தால் யாரிடம் போவது என்று எவரும் ஆராய்ந்ததில்லை. போகும் இடம் ஒன்றே. இம்முறையை வாயாரப் புகழ்வாரும் உளர். யாம் அவரோடு உடன்படோம். தந்தையின் தொழிலை மகன் விடுதல் அரிது. கூலி பேசுதல் அதனினும் அரிது. சாதிக்கட்டே அதன் அடிப்படை. எனினும், அங்கு ஒருவர் செய்த வேலையும் அவர் முகமும் ஊரறிய ஒன்றாய் நின்றன என்பதை மறுத்தல் இயலாது.

நகர வாழ்வில் அவ்விரண்டும் பிரிந்துபோயின. சுவரினுள் ஓடும் மின்கம்பியையும் தரையின்கீழ்ப் புதைந்த குழாயையும் வீட்டுக்காரர் காண்பதில்லை. கண்டாலும் நன்று தீது அறியார். குறை வெளிப்படுங்கால், செய்தவர் எங்கேயோ இருப்பார். இத்தகைய நிலையின் விளைவை 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய மோட்டார்வண்டிச் சந்தையைக் கொண்டு விளக்கினார். வண்டியின் குணத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அறியாதவர் எவ்வண்டிக்கும் நடுத்தர விலையே கொடுக்கத் துணிவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவர் உடன்படுவர்? நல்லவை சந்தையை விட்டு நீங்க, பழுதுடையனவே எஞ்சும். இதனை ஆராய்ந்தமைக்காக 2001-இல் வேறிருவரோடு அவர் நோபெல் பரிசு பெற்றார். வண்டிக்குச் சொன்னது வேலைக்கும் பொருந்தும். மட்டமான கம்பியை இட்டுக் குறைந்த கூலி கேட்பவரையும், நல்ல கம்பியை இட்டு உரிய கூலி கேட்பவரையும் நாம் பிரித்தறியாவிடின், கூலி குறைந்தவரையே அழைப்போம். நல்லவரோ வளைகுடா நாட்டிற்கு விமானம் ஏறிவிடுவார். நம் மாவட்டத்தில் இது கட்டுக்கதையன்று.

ஆதலின் சான்று கூறுவார் வேண்டப்படுகின்றனர். அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் வில்லியம் ஓஸ்டர்லி என்பார் தம் வீட்டைப் பழுதுபார்க்க நல்லாட்கள் கிடையாது இடர்ப்பட்டார். 1995-இல் அவரும் ஆஞ்சி ஹிக்ஸ் என்னும் இளம்பெண்ணும் சேர்ந்து, பின்னர் ‘ஆஞ்சிஸ் லிஸ்ட்’ எனப் பெயர்பெற்ற பட்டியலைத் தொடங்கினர். ஹிக்ஸ் வீடுவீடாய்ச் சென்று கதவைத் தட்டி உறுப்பினர் சேர்த்தார். தாம் அமர்த்தியவர் வேலை செய்த திறத்தை உறுப்பினர் அறிவிப்பர். ஏனையோர் அதனைக் கேட்டறிவர். பல்லாண்டுகள் அச்சான்றுகளைக் காணச் சந்தா செலுத்த வேண்டியிருந்தது. 2016-இல் அது நீக்கப்பட்டது. நம் நாட்டில் 1996-இல் மும்பையில் வி. எஸ். எஸ். மணி என்பார் ‘ஜஸ்ட் டயல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைபேசியில் வினவினால் தொழில் செய்வோரின் எண் கிடைத்தது. ஆயினும் எண் கிடைத்தல் வேறு, சான்று கிடைத்தல் வேறு.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள செல்ஸி என்னும் சிற்றூரில் 1998 ஜனவரியிற் சுழற்காற்று வீசி வீடுகளைச் சிதைத்தது. கூரை செப்பனிடுவதாகச் சொல்லிப் புறத்தேயிருந்து வந்த சிலர் இடருற்ற மக்களை ஏமாற்றினர். அது கண்ட கெவின் பர்ன் என்பார், தகுதி ஆராயப்பட்ட கைவினைஞரின் பெயர்களைத் திரட்டி ‘செக்கட்ரேடு’ என்னும் அமைப்பை உண்டாக்கினார்.

செல்ஸியின் கதையைப் படித்தபோது எமக்குத் தாமிரபரணியே நினைவிற்கு வந்தது. 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெருமழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, ஆறு கரைபுரண்டது. வெள்ளம் வடிந்தபின் ஒரே வேளையிற் பல வீட்டார்க்கும் ஒரேவகை ஆள் வேண்டியிருந்தது. அவர்தாம் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். சேற்றுநீர் புகுந்த மோட்டாரை அவசரப்பட்டு ஓட்டினால் காயில் எரிந்துபோம். கழற்றித் துலக்கி, நன்கு உலர்த்திச் சோதித்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் தகும். இதனை அறிந்தவர் சிலர். அறிந்ததாகச் சொல்லிக்கொண்டவர் பலர். அவ்வாரம் எம் தெருவார் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய செய்தி எமக்கு இன்றும் நினைவிலிருக்கிறது. ‘சேரன்மகாதேவிக்காரர் இவர். சென்ற ஆனியில் எங்கள் மோட்டாருக்குக் காயில் கட்டினார். ஒரு மாதத்தில் இரைச்சல் கேட்டது; கூப்பிட்டோம்; வந்து கூலி வாங்காமல் சரிசெய்து போனார். வெள்ளம் வரும்வரை ஓடிற்று. வேலைக்கு இரண்டு நாள் எடுப்பார், அவசரப்படுத்த வேண்டாம்.’ அவ்வளவே.

இச்சிறு செய்தியில் ஒரு நல்ல சான்றிற்கு வேண்டுவன யாவும் அடங்கியிருத்தலைக் காண்க. என்ன வேலை, எப்பொழுது என்பது உண்டு. குறை நேர்ந்தபோது அவர் நடந்துகொண்ட வகை உண்டு. முதல்நாள் வேலையினும் இதுவே ஒருவரை நன்கு காட்டும். காலந்தாழ்க்கும் குறையும் மறைக்கப்படவில்லை. எல்லாவற்றினும் மேலாக, எழுதியவர் எந்த வீட்டார் என்பதைத் தெருவார் அனைவரும் அறிவர். சொல் பொய்த்தால் மறுநாட் காலையிற் பால் வாங்குமிடத்திலேயே அவரைக் கேட்கலாம். மாறாக, ‘சூப்பர் ஆள், தைரியமாய்க் கூப்பிடுங்கள்’ என்று எழுதுவோரின் சொல்லால் யாதும் விளங்காது. வேறு குழுவில் வந்ததை அப்படியே எடுத்து அனுப்புவோர் சான்று கூறுவாரல்லர், வெறும் அஞ்சற்காரரே. சிலர் தம் மைத்துனரின் எண்ணை, மைத்துனர் என்று சொல்லாமலே தருவர். மைத்துனர் நல்ல கொத்தனாராய் இருத்தல் கூடும். உறவைச் சொல்லிவிட்டு எண்ணைத் தந்தால் எவர்க்கும் இழுக்கில்லை.

‘உயிர்த்தோழர் இருக்க, பாதி அறிமுகமான தெருவாரை வினவுவதேன்?’ என்று சிலர் கேட்பர். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலார் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களை அவர் வினவியபோது, அடிக்கடி காணும் நண்பரினும் எப்போதோ காணும் அறிமுகத்தார் வாயிலாகவே பெரும்பாலோர் வேலைச்செய்தி பெற்றமை தெரியவந்தது. நெருங்கிய தோழர் நாம் அறிந்தவற்றையே தாமும் அறிவர். சற்றுத் தள்ளியிருப்பவரே புதிய செய்தி கொணர்வர். ஆள் தேடுதற்கும் இஃது ஒக்கும். எம் விடுதி நண்பர் நால்வரைக் கேட்டால் நால்வரும் சொல்வது சைக்கிள் கடைக்காரர் ஒருவரையே!

சான்று கிடைத்த பின்னரும் செய்யவேண்டுவன உள. சிறிய வேலையொன்றை முதலிற் கொடுத்துப் பார்த்தல் நன்று. சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியே கேட்டெழுதிக்கொள்ளுதல் நன்று. முழுப்பணத்தையும் முன்னரே அனுப்பச் சொல்பவரிடம் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தல் வேண்டும். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை அடுத்தே ‘தெரிந்து வினையாடல்’ வைக்கப்பட்டிருக்கிறது. அரசன் அமைச்சரையும் வினைசெய்வாரையும் தேர்தற்குக் கூறியவை அவை; பிளம்பரைத் தேர்தற்கும் வேறு முறை வேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை.

இதுகாறும் வீட்டுக்காரர் பக்கமே நின்று பேசினோம். மறுபக்கம் ஒன்று உண்டு. அதனைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இக்குழுக்களில் விசாரணைக்கு உள்ளாகும் கைவினைஞர் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. தம்மைப் பற்றிச் சொல்லப்படுவதை அவர் அறியார். மறுமொழி கூற வழியுமில்லை. எமக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பற்றி, ‘பத்து நிமிட வேலைக்கு 600 ரூபாய் பறித்தார்’ என்று ஒரு குழுவில் எழுதப்பட்டது. பழுதைக் கண்டறிய முதல்நாள் வந்துபோனதும், மறுநாள் சாமான் வாங்க நெல்லைச் சந்திப்பிற்கு இருமுறை அலைந்ததும் அப்பத்து நிமிடத்தில் அடங்கவில்லை. அம்மாதம் அத்தெருவிலிருந்து அவரை எவரும் அழைக்கவில்லை. காரணம் அவர்க்கு விளங்கவேயில்லை. வெள்ளத்திற்குப்பின் மக்கள் கையிற் பணமில்லை போலும் என்று எம்மிடம் சொன்னார்.

தனிக்குழுக்களில் மட்டுமன்று, பெருநிறுவனங்களிலும் இந்நிலை உண்டு. 2014-இல் தொடங்கிய ‘அர்பன் கம்பெனி’ என்னும் நிறுவனம் கைப்பேசிச் செயலி வாயிலாக வீட்டுவேலைக்கு ஆள் அனுப்புகிறது. வாடிக்கையாளர் இடும் மதிப்பெண்ணைப் பொறுத்தே தொழிலாளர்க்கு வேலை வரும். 2021 அக்டோபரில் அதன் அழகுக்கலைப் பெண் தொழிலாளர் குருகிராமத்தில் அலுவலகத்தின்முன் திரண்டு, நிறுவனம் பிடிக்கும் கழிவு முதலியவற்றை எதிர்த்து முறையிட்டனர். நம் தெருக்குழுவில் இழுக்குற்ற தனி எலக்ட்ரீஷியன் எவர் வாசலில் நின்று முறையிடுவார்?

இதனைக் கருதியே எம் தெருவார் சென்ற ஆண்டு ஒரு மாற்றம் செய்தனர். தெருவில் அடிக்கடி வேலை செய்யும் இரண்டு கொத்தனாரும் மேற்சொன்ன எலக்ட்ரீஷியனும் குழுவிற் சேர்க்கப்பட்டனர். ‘அவர்கள் இருக்கக் குறை சொல்வது எப்படி?’ என்று தடுத்தவரும் உண்டு. முதல் இரண்டு வாரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒருவர், திண்ணை பூச்சிற்குக் கேட்ட தொகை மிகையென்று துணிந்து எழுதினார். மாலையில் வேலை முடிந்து வந்த கொத்தனார், சிமெண்டு மூட்டை, மணல், தம் கூலி, கையாள் கூலி எனத் தாளில் எழுதி அதன் படத்தை அனுப்பினார். மணற் கணக்கில் ஒரு கூட்டற்பிழை இருந்தது. அதனை எடுத்துக்காட்டியவர் எதிர்வீட்டுப் பள்ளிச் சிறுமி.