கணினி பழுதானால் உங்கள் மருத்துவக் குறிப்புகள் என்னவாகும்?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோர் பலர் எங்களிடம் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெற்று வருகின்றனர். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் உப்புகள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. முந்தைய பரிசோதனை முடிவுகளையும் ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர்களையும் பார்த்தே மருத்துவர் அடுத்த முடிவை எடுக்கிறார். அக்குறிப்புகள் தொலைந்தால், ஒவ்வாத மருந்தே மீண்டும் தரப்படும் அபாயம் உண்டு.

இன்று இவை கணினியில் பதிவாகின்றன. கணினியின் ஹார்டு டிஸ்க் முன்னறிவிப்பின்றிப் பழுதாகக்கூடும். எனவே, ஒவ்வோர் அறையிலும் உள்ள கணினியின் பதிவுகள் இரவுதோறும் எங்கள் அலுவலகத்திலுள்ள சிறிய சர்வரில் நகலெடுக்கப்படுகின்றன. முதன்முறை அனைத்தும் நகலாகும். பின்னர் அன்றன்று மாறியவை மட்டும் சேர்க்கப்படும். ஒரு பதிவு தவறுதலாக அழிந்தது சில நாள் கழித்தே தெரியவரலாம் என்பதால், பழைய நாட்களின் நகல்களையும் வைத்திருக்கிறோம்.

ஒரே கட்டடத்தில் இருக்கும் நகல் மட்டும் போதாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்கவில்லை. தீயோ வெள்ளமோ நேர்ந்தால் கணினியும் சர்வரும் ஒருசேரப் பாழாகும். ஆகவே, மற்றொரு நகல் பூட்டுக்குறியீட்டுடன் வேறிடத்தில், வலையமைப்போடு இணைக்கப்படாமல் பாதுகாக்கப்படுகிறது. இணைப்பில் உள்ள நகல்களையும் முடக்கும் தீய மென்பொருள்கள் இருப்பதே இதற்குக் காரணம்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் அத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயின. பதிவு முதலான பணிகள் பல நாட்கள் கையாலேயே நடைபெற்றன. பாதிக்கப்படாத ஒரு காப்பு சர்வரில் இருந்த நகலிலிருந்தே அங்குப் பதிவுகள் மீட்கப்பட்டன. நகல் இருப்பதோடு, அதிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்பதும் முக்கியம். அதனால் நாங்கள் அவ்வப்போது சில பதிவுகளை மீட்டெடுத்துச் சரிபார்க்கிறோம்.

எனினும் ஓர் இடைவெளி உள்ளது. காலையில் எழுதப்பட்ட குறிப்பு இரவில்தான் நகலாகிறது. அதற்குள் கணினி பழுதானால், அன்றைய விவரம் உங்கள் கையிலுள்ள சீட்டில் மட்டுமே இருக்கும். ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது:

• மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு வாருங்கள்.

• அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

• மருத்துவமனை எண்ணையும் ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர்களையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள்.

• பழைய எக்ஸ்ரே, ஆய்வக அறிக்கைகளை மருத்துவரைக் கேளாமல் எறிந்துவிடாதீர்கள்.

கணினி இயங்காத நாளில் பதிவு மேசையில் சற்றுத் தாமதம் ஏற்படலாம். அவசரச் சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. அந்நேரத்தில் நீங்கள் கொண்டுவரும் சீட்டே மருத்துவருக்கு வழிகாட்டும்.