நகரமைப்பும் மண்ணடிச் சான்றுகளும்

திருவனந்தபுரத்துத் தம்பானூர், புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்த நெருக்கடிமிக்க பகுதியாகும். 1931 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கருங்கற் புகைவண்டி நிலையக் கட்டடம் இன்றும் பயன்பட்டு வருகின்றது. பழமையைப் பயனுடன் காத்தலுக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

ஆயின், அந்நிலையத்தின் அடியிற் செல்லும் ஆமையிழஞ்சான் ஓடையின் நிலை வேறு. கண்ணுக்குத் தெரியாத நீர்வழி நகரத்தாரின் கருத்தினின்றும் நீங்கிவிடுகின்றது. குப்பை மட்டும் அதனை மறப்பதில்லை. 2024 ஜூலையில் அவ்வோடையைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். மண்ணடியில் உள்ளதை வரைபடத்திற் குறித்துப் பேணுதல் வரலாற்று ஆர்வலர்க்கு மட்டும் உரிய பணியன்று என்பது இதனாற் புலனாகும்.

தம்பானூருக்குத் தெற்கே கிழக்குக்கோட்டை உள்ளது. 18 ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் எழுந்த அக்கோட்டையின் வாயிலருகே இன்று நகரப் பேருந்துகள் நிற்கின்றன. இத்தகைய இடங்களிற் புதிய கட்டடம் எழுப்புவோர், அடித்தளம் தோண்டிய பின்னரன்றி, வரைபடம் தீட்டுமுன்னரே தொல்லியலாரைக் கலத்தல் வேண்டும். ஏதென்ஸ் நகரில் 2009 இல் திறக்கப்பெற்ற அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் இம்முறையிற் பிறந்தது. அகழ்வில் வெளிப்பட்ட பழைய குடியிருப்பின் சுவர்களுக்கு ஊறு நேராதவாறு தூண்களின் இடங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. கண்ணாடித் தளத்தின் வழியே அச்சுவர்களைக் காணலாம். நம் ஆதிச்சநல்லூரிலும் அகழ்வுக் குழிகளின்மேற் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகள் கிடந்த இடத்திலேயே காட்டப்படுகின்றன. எனினும் கண்ணாடி எங்கும் ஏற்றதன்று. மழைமிக்க ஊர்களில் அதன்கீழ் ஈரம் தங்கிப் பாசி படரும்; காற்றோட்டமும் வடிகாலும் முதலில் அமைதல் இன்றியமையாதது. இயலாதவிடத்து, அளந்து பதிவு செய்தபின் மணலிட்டு மீண்டும் மூடிவைத்தலே நன்று.

மத்திய அரசின் காப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் அளவும் புதிய கட்டடம் எழுப்புதலை 2010 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தடுக்கின்றது. ஆனால் இன்னும் மண்ணுள் மறைந்திருப்பதற்கு முதற் காவலர் களப்பணியாளரே. குழாய்க்குழி வெட்டுங்கால் செங்கல்வரிசையோ பானையோடோ தென்படின் உடனே வேலையை நிறுத்துக. பொருளைப் பெயர்த்தெடுக்காமல், தரைமட்டத்தினின்றும் அதன் ஆழத்தையும், அருகிலுள்ள நிலையான ஓர் அடையாளத்தினின்றும் அதன் தொலைவையும் குறித்து, அளவுகோலுடன் படமெடுத்து மேலதிகாரிக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க. ஆசிரியர்கள் தத்தம் ஊரின் பழைய நில அளவைப் படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டு, மறைந்த குளங்களையும் கால்வாய்களையும் மாணவரைக்கொண்டு குறிக்கச் செய்யலாம்.