எந்த மொழி? எந்த டேட்டாபேஸ்?

பகலில் குமாஸ்தா வேலை; இரவில் கம்ப்யூட்டர் படிப்பு. இப்படி முன்னுக்கு வரத் துடிக்கும் தமிழ் இளைஞர்கள் மும்பையிலும் பெங்களூரிலும் ஏராளம். இன்டர்நெட்டில் ஓடும் கணக்கு புரோகிராம் ஒன்றை எழுத உட்கார்ந்ததும் அவர்களுக்கு வரும் சந்தேகம் இது: எந்த மொழி? எந்த டேட்டாபேஸ்?

டேட்டாபேஸ் என்பது பேரேடு. மொழி என்பது அதில் எழுதும் குமாஸ்தா. குமாஸ்தாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பேரேட்டை மாற்றுவது கஷ்டம். ஆகவே முதலில் பேரேட்டைப் பார்ப்போம்.

பணம் எங்கே?

ஒரு சேமிப்புச் சங்கம். உறுப்பினர் ஒருவரின் சேமிப்பில் 500 ரூபாயைக் கழித்து, அவருடைய கடனில் வரவு வைக்கவேண்டும். கழித்தாகிவிட்டது. வரவு வைப்பதற்குள் கரண்டு போய்விட்டது. பணம் எங்கே?

"டிரான்சாக்ஷன்" வசதி இருந்தால் இரண்டும் பதிவாகும். அல்லது இரண்டுமே பதிவாகாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மூன்றிலும் இந்த வசதி உண்டு. மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் "இந்த இரண்டு பதிவும் ஒன்று" என்று புரோகிராம் எழுதுகிறவர்தான் சொல்லவேண்டும்.

எஸ்கியூலைட்டில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும். சிறிய சங்கத்துக்கு அது போதும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்துக்கு மற்ற இரண்டில் ஒன்றே நல்லது.

தமிழ்ப் பெயர் பத்திரம்

மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள் லத்தீன் எழுத்து முறையில் அமைந்தவை. முறையை மாற்றாமல் தமிழில் பெயர் எழுதினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். 2018-ல் வந்த 8-வது பதிப்பு முதல் இந்தத் தொல்லை இல்லை.

தொகையை "ஃப்ளோட்" வகையில் வைக்காதீர்கள். அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள்.

மொழி

பிஎச்பி, 1995-ல் வந்தது. குறைந்த வாடகை சர்வரிலும் ஓடும். பைத்தான், 1991-ல் வந்தது. படிக்க எளிது. ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரில் ஓடும் மொழி. 2009-ல் "நோட்" வந்தபின் அதையே சர்வரிலும் எழுதலாம். மூன்று மொழிகளும் மூன்று டேட்டாபேஸ்களோடும் பேசும்.

எதை எடுப்பது? சந்தேகம் வந்தால் கேட்க, பக்கத்தில் இருப்பவருக்கு எது தெரியுமோ அதையே எடுங்கள்.

எஸ்கியூஎல்லை மட்டும் விடாமல் படியுங்கள். எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட முறையில் இருந்து பிறந்தது அது. மொழியை மாற்றினாலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும்.