நேரடி இரண்டாம் ஆண்டு: மிச்சமாவது எது, விட்டுப்போவது எது?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கத்திலிருந்து வந்து குவியும் கடிதங்களில் எந்த டிரேடு நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. “ஐ.டி.ஐ. முடித்தால் நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு என்கிறார்களே, நம்பலாமா?” என்பதே திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

நம்பலாம். ஆனால் சேர்க்கை முகாம்களில் இதைச் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சொல்லாமல் விட்ட பாதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஆறும் ஏழும்

முதலில் ஆண்டுக் கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு, மொத்தம் 6. டிப்ளமோ மூன்று, பிறகு பி.இ.யில் இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று; அதுவும் 6. ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டிலிருந்து இரண்டு, பி.இ. மூன்று, மொத்தம் 7. பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு எடுத்து, டிப்ளமோ வழியாகப் போனாலும் 7 தான்.

ஐ.டி.ஐ. வழியாகப் போகிறவருக்குக் கூடுதலாகச் செலவாவது ஒரே ஒரு ஆண்டு. அதற்குப் பதிலாக, நடுவில் எந்த இடத்தில் படிப்பு நின்றாலும் வேலை கேட்டுப் போக அவர் கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. வீட்டு நிலைமை சரியில்லை என்று பி.இ. மூன்றாம் ஆண்டில் நிற்கிற பிளஸ் டூ மாணவருக்கு அது இல்லை. அவர் மறுபடி வெறும் பிளஸ் டூ ஆகிவிடுகிறார். இந்த ஏற்பாட்டை வகுத்தவர் யாரோ, ஏழை வீட்டு நிலவரம் தெரிந்தவர்.

இதற்கு நிபந்தனை உண்டு. ஐ.டி.ஐ. படிப்பு இரண்டாண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். டிப்ளமோவும் அதற்குத் தொடர்புடைய பிரிவாக இருக்க வேண்டும். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் எல்லாம் இரண்டாண்டு. வெல்டரும் பிளம்பரும் ஓராண்டுதான். சீக்கிரம் முடிந்துவிடுமே என்று வெல்டர் டிரேடில் சேர்ந்துவிட்டு, பிறகு பாலிடெக்னிக் வாசலில் போய் நின்றால் கதவு திறக்காது. வெல்டிங் தெரிந்தவருக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் சேரும் அன்றே யோசிக்க வேண்டியது இது.

இரண்டு முறையும் அதே ஆண்டு

இனி, சொல்லாமல் விட்ட பாதி. டிப்ளமோ முதலாண்டில் என்ன நடக்கிறது? கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம். மெக்கானிக்கல் ஆனாலும் சிவில் ஆனாலும் அடித்தளம் அந்த ஆண்டில்தான் போடப்படுகிறது. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர் நேரே மூன்றாவது செமஸ்டருக்கு வந்துவிடுவதால் இவை எதையும் படிப்பதில்லை. பி.இ.யிலும் அதே கதை. மேட்ரிக்ஸ், கால்குலஸ் எல்லாம் முதலாண்டில் முடிந்துவிடும். டிப்ளமோவிலிருந்து வருகிறவர் அங்கேயும் மூன்றாவது செமஸ்டரில்தான் நுழைகிறார்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. என்று வரிசையாக ஏறி வந்தவரை நினைத்துப் பாருங்கள். முதலாண்டை அவர் இரண்டு முறை தாண்டியிருக்கிறார். இரண்டு முறையும் தவறிப்போனது கணிதம் சொல்லித்தரும் ஆண்டு. ஐ.டி.ஐ.யில் அவர் படித்தது பட்டறைக் கணக்கு: பரப்பளவு, எடை, வெட்டு வேகம் போன்றவை. பட்டறைக்கு அது போதும். ஆனால் வகுப்பறையில் உட்கார்ந்து முறையாகக் கணிதம் படித்தது என்றால் பத்தாம் வகுப்பில்தான். நான்கு ஆண்டு கழித்து பி.இ. மெக்கானிக்கல் வகுப்புக்கு வருகிறார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அந்தச் செமஸ்டருக்கு வைத்திருப்பது டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ் தாள். மாணவர்கள் எம்-3 என்று சொல்லிப் பயப்படுவது இதைத்தான். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பிளஸ் டூவிலும் முதலாண்டிலுமாக மூன்று ஆண்டு கால்குலஸ் போட்டுவிட்டு வந்திருப்பார்.

லேத்தில் நூலிழை பிசகாமல் பிடிக்கத் தெரிந்த பையன் இந்த ஒரு தாளில் மாட்டிக்கொண்டால், அவனுக்கு மூளை போதாது என்று பேச்சு வரும். அவன் படிக்கவேயில்லாத பாடம் அது என்பது யாருக்கும் நினைவிருக்காது. டிப்ளமோவை முதலாண்டிலிருந்தே படித்தவர் இந்த ஆண்டை ஒரு முறைதான் தாண்டுகிறார். அதனால் அவருக்கு இடைவெளி சிறியது. இரண்டு தரப்பையும் ‘லேட்டரல் என்ட்ரி’ என்று ஒரே பட்டியலில் எழுதும்போது இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

அதிகாரிகளிடம் இதற்குப் பதில் உண்டு: இணைப்புப் பாடம். நேரடியாகச் சேர்கிறவர்களுக்குக் கணிதம், இயற்பியல், வரைபடம் போன்றவற்றில் பல்கலைக்கழகங்கள் இணைப்புப் பாடங்கள் நடத்தும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. எத்தனை மணி நேரம், யார் நடத்துவது, தேர்வு உண்டா என்பதெல்லாம் அந்த வரியில் இல்லை. கல்லூரியைப் பார்க்கப் போகிற பெற்றோர் பிளேஸ்மென்ட் பலகையைப் படிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இணைப்பு வகுப்பு எத்தனை வாரம், எடுப்பவர் பெயர் என்ன? தயக்கமில்லாமல் பதில் வந்தால் நல்ல கல்லூரி.

7.5 விழுக்காடு

அரசுப் பள்ளிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% முன்னுரிமைச் சட்டம் 2021-இல் வந்தது. அதன்படி பி.இ.யில் இடம் பிடித்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆனால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ கிளம்பிவிட்டவரிடம் அந்தக் கடைசி இரண்டு வகுப்புகள் இல்லை. பி.இ.தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, பிள்ளைக்கும் கணிதம் வருகிறது என்றால், அரசுப் பள்ளியை விட்டு அவசரமாக வெளியேறுவது நஷ்டம். இரண்டு வருடத்தில் சம்பாதிக்கத் தொடங்கிவிட வேண்டும், முடிந்தால் பிறகு படிக்கலாம் என்பவர்களுக்குத்தான் ஐ.டி.ஐ. வழி உண்மையிலேயே லாபம்.

அறிவிப்புகளைப் படிக்கும் விதம்

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. ‘தொழில் 4.0’ என்றால் நடைமுறையில் ரோபோ கை, சி.என்.சி., முப்பரிமாண அச்சு போன்ற கருவிகள். பழைய லேத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பெற்றோர் கேட்க வேண்டியது, ஒரு மாணவர் அந்த இயந்திரத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கை வைப்பார் என்பது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். பயிற்சி பெற்றவர்கள் இத்தனை பேர் என்றால், அந்த வேலையில் ஓராண்டு கழித்தும் இருப்பவர்கள் எத்தனை பேர்? மத்திய அரசும் சளைத்ததில்லை. 2025-க்குள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி ‘அறிமுகம்’ கிடைக்க வேண்டும் என்றது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை. ஒரு நாள் பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாலும் அறிமுகம்தான்.

மற்ற கேள்விகள்

*பக்கத்தில் எங்கே?* கிண்டியில் அரசு ஐ.டி.ஐ.யும் மகளிர் ஐ.டி.ஐ.யும் உண்டு, தாம்பரத்திலிருந்து ஒரே ரயில். தரமணியில் மத்திய பாலிடெக்னிக், டாக்டர் தர்மாம்பாள் அரசு மகளிர் பாலிடெக்னிக், அச்சு, ஜவுளி, வேதித் தொழில்நுட்பப் பயிலகங்கள். அங்கே போக மாறி ஏற வேண்டும்.

*கிண்டி சிப்பெட்டுக்கும் இதே விண்ணப்பமா?* இல்லை. அது மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம். நுழைவுத் தேர்வும் தேதியும் தனி.

*அரசு ஐ.டி.ஐ.யில் செலவு?* பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு.

*மாதம் 1,000 ரூபாய் திட்டம் இவர்களுக்கு உண்டா?* அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு உண்டு. ‘புதுமைப் பெண்’, ‘தமிழ்ப் புதல்வன்’ இரண்டிலும் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் சேரும்.

*ஐ.டி.ஐ. முடித்தவர் பி.காம். சேரலாமா?* பத்துக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். கவனியுங்கள், இதிலும் கணிதம் இல்லை.

*பள்ளியிலேயே பிளஸ் டூ தொழிற்கல்வி எடுக்கலாமா?* 1978-இல் பிளஸ் டூவோடு வந்த பிரிவு. ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடத்தை நிரப்பாமல் பிரிவையே மூடிவிட்ட பள்ளிகள் உண்டு. ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

*சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாவது பாடமாக ஏ.ஐ. எடுக்கச் சொல்கிறார்களே?* பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் ஒன்று போனால் இந்த மதிப்பெண் அந்த இடத்துக்கு வரும். பள்ளிகளின் ஆர்வத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

*கடைசித் தேதி தவறிவிட்டால்?* காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கை வழக்கமாக நடக்கும். அதற்குள் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் நிரம்பியிருக்கலாம்.