இறப்பர் ஷீட்டைக் காக்கும் மரப்புகை

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள இறப்பர் மலைகளில் மழைக்குக் குறைவில்லை. ஈரத்தோடு விட்டுவைத்த எந்தப் பொருளிலும் சில நாட்களிலேயே பூஞ்சணம் பூத்துவிடும். பச்சை இறப்பர் ஷீட்டில் அது இன்னும் வேகமாகப் படரும். இறப்பர் பாலிலிருந்த புரதமும் சர்க்கரையும் ஷீட்டில் கொஞ்சம் தங்கிவிடுவதே காரணம். ஆனால் புகை போட்ட ஷீட் கப்பலேறிக் கடல் கடந்தும் கெடாமல் போய்ச் சேர்கிறது. அதைக் காப்பாற்றுவது அடுப்பில் வேகும் விறகுக்குள் இருக்கும் லிக்னின்.

வெட்டி எடுத்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, போமிக் அமிலம் விட்டு உறைய வைக்கிறார்கள். உறைந்ததை உருளைகளில் அழுத்தி, வரி பதித்து, நீர் வடிந்ததும் புகையறையில் தொங்கவிடுகிறார்கள். 50 முதல் 60 பாகை செல்சியஸ் சூட்டில் சில நாட்கள் தொங்கும் வெள்ளை ஷீட், தேன் நிறமாகி வெளியே வருகிறது. அடுப்பில் எரிவதும் பெரும்பாலும், பால் வற்றியபின் தறித்த இறப்பர் மரந்தான்.

மரத்தின் எடையில் ஏறத்தாழ காற்பங்கு லிக்னின். செலுலோசு இழைகளைக் கம்பி என்று கொண்டால், அவற்றினிடையே இறுகி நிற்கும் கொங்கிறீட் இது. மரம் பல அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்பதும், வேர் உறிஞ்சிய நீர் கசியாமல் உச்சிக்கு ஏறுவதும் இதன் பலத்தால். ஆறு காபன் அணுக்கள் கொண்ட வளையங்கள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடப்பதால், பெரும்பாலான நுண்ணுயிர்கள் இதைச் செரிக்க முடியாமல் திணறும். வெண்ணழுகல் பூஞ்சணங்கள் மட்டுமே இதை முழுமையாக உடைக்கத் தெரிந்தவை. இறப்பர் தோட்டங்கள் அஞ்சும் வெண்வேர் நோயும் அந்த வகைப் பூஞ்சணத்தின் வேலைதான்.

நெருப்பும் லிக்னினை உடைக்கும். காற்றுக் குறைந்து விறகு புகையும்போது, வளையங்களை இணைக்கும் ஒட்சிசன் பாலங்கள் வெப்பத்தில் அறுகின்றன. குவையாகோல், சிரிங்கோல் முதலிய பீனோல்கள் உதிர்ந்து புகையோடு கிளம்புகின்றன. மரப்புகையின் வாசமே பெரிதும் இவற்றால் வருவது. ஷீட்டில் படிந்த பீனோல்கள் பூஞ்சணத்தின் கலச்சவ்வைக் குலைத்து அதை வளரவிடாமல் தடுக்கின்றன. இறப்பரின் நீண்ட சங்கிலியை ஒட்சிசன் அரிக்க வரும்போது, தங்கள் ஐதரசன் அணுவைக் கொடுத்து அந்த அரிப்பையும் தணிக்கின்றன. உயிருள்ள மரத்தில் பூஞ்சணத்தை எதிர்த்து நின்ற பொருள், எரிந்து சிதறிய பிறகும் அதே காவலைச் செய்கிறது.

இந்தக் காவலில் ஒரு நாட்டின் சோறே தங்கியிருந்த காலமும் உண்டு. 1952இல் இலங்கை சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுக்கு 50,000 தொன் ஷீட் இறப்பர் போனது. 270,000 தொன் அரிசி வந்தது.

லிக்னின் தரும் பொருட்கள் இத்தோடு முடியவில்லை. சளியை இளக்கும் இருமல் பாணிகள் பலவற்றிலுள்ள குவைபெனசின், குவையாகோலிலிருந்து செய்யப்படுவது. ஐஸ்கிறீமில் மணக்கும் வனிலினை, நோர்வேயின் போரெகார்ட் நிறுவனம் மரத்தின் லிக்னினிலிருந்தே தயாரிக்கிறது. காகித ஆலைக் கழிவுநீரில் கிடைக்கும் லிக்னோசல்போனேற்றைச் சிறிதளவு சேர்த்தால், குறைந்த தண்ணீரிலேயே கொங்கிறீட் இளகி ஓடும். இறுகிய பின் உறுதியும் கூடும்.

இருந்தும் உலகக் காகித ஆலைகள் பிரித்தெடுக்கும் லிக்னினில் மிகப் பெரும்பகுதி கொதிகலன்களில் எரிபொருளாகவே முடிகிறது. அதைப் பயனுள்ள துண்டுகளாக, வேண்டிய இடத்தில் மட்டும் உடைப்பது எப்படி என்பதே இன்று இரசாயனவியலாளர் முன்னுள்ள பெரிய கேள்வி. அதற்கு விடை வரும்வரை, புகையையே வேறு விதமாகப் பயன்படுத்துவோரும் உண்டு. இந்தோனேசியாவில் சிரட்டை, எண்ணெய்ப்பனை ஓடு ஆகியவற்றின் புகையைக் குளிரவைத்துத் திரவமாக்கி, இறப்பர் பாலை உறைய வைக்கவும் நாற்றத்தை அடக்கவும் பயன்படுத்துகிறார்கள். புகையறைக்குள் நின்று நாளெல்லாம் கரியையும் புகையையும் சுவாசிப்பவர்களுக்கு அந்த வழி ஆறுதலானது. பூஞ்சணத்தை விரட்டும் பீனோல் ஷீட்டுக்குப் போகும், நெஞ்சுக்குப் போகாது.

விறகின் ஈரத்தையும் புகையின் நிறத்தையும் பார்த்தே அடுப்பை அடக்கவும் தூண்டவும் தெரிந்த தோட்டத் தொழிலாளர், பல தலைமுறைகளாக லிக்னினை உடைத்துப் பயன்கொண்டு வந்திருக்கிறார்கள். சப்ரகமுவவில் மறுநடுகைக்காக மரங்களைத் தறிக்கும்போதெல்லாம் மலை மலையாக லிக்னின் கிடைக்கிறது. அதை விறகு விலைக்கு மட்டும் எடைபோடாமல், மருந்தும் மணமும் கட்டுமானமும் தரக்கூடிய மூலப்பொருளாக மதித்து ஆராய்வதற்கு, இறப்பர் மலைகளைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.